மக்களிடமே கேட்டார்கள் – 9: விளக்கா, குடமா?

1982 டிசம்பர் 22, புதன்கிழமை. அன்று இலங்கை வாக்காளரின் கையில் கொடுக்கப்பட்ட சீட்டில் எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் யானை இல்லை, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் கை இல்லை. இரண்டே இரண்டு படங்கள்தான்: ஒரு விளக்கு, ஒரு குடம். விளக்குக்கு நேரே புள்ளடி போட்டால் ‘ஆம்’, குடத்துக்கு நேரே போட்டால் ‘இல்லை’. கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: இப்போதுள்ள நாடாளுமன்றம் பொதுத் தேர்தல் இல்லாமலேயே இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு, அதாவது 1989 ஆகஸ்ட் வரை, நீடிக்கலாமா?

சென்ற வாரம் பிரான்சில் லூயி நெப்போலியனைப் பார்த்தோம். 1851 டிசம்பர் 2 அன்று படையை வைத்து நாடாளுமன்றத்தைக் கலைத்தார். மூன்றே வாரத்தில் “நான் செய்தது சரிதானே?” என்று நாட்டைக் கேட்டு, எழுபது லட்சத்துக்கு மேல் ‘ஆம்’ வாங்கிக்கொண்டார். அதுவும் டிசம்பர் மாதத்தின் மூன்றாவது வாரம்தான். ஆனால் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவரும் இலங்கை ஜனாதிபதியுமான ஜே.ஆர். ஜெயவர்தனாவுக்குப் படை தேவைப்படவில்லை. அவர் வழக்கறிஞர். சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரு வழியை எடுத்துக்கொண்டார். அந்தப் புத்தகத்தை எழுதவைத்தவரும் அவரே.

எந்த நாட்டில் இது நடந்தது என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். ஆசியாவிலேயே முதன்முதலாக, 1931இல், வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த நாடு இலங்கை. பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கிடைத்த உரிமையை இலங்கை வாக்காளர்கள் சும்மா வைத்திருக்கவுமில்லை. 1956, 1960, 1965, 1970, 1977 என்று ஆட்சியில் இருந்தவர்களைத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு அனுப்பினார்கள். சுற்றியிருந்த நாடுகளில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆட்சி மாற்றம் இங்கே வாக்குச் சீட்டால் நடந்தது. அந்தப் பழக்கம்தான் 1982இல் முறிந்தது.

1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வாங்கிய வாக்கு ஏறத்தாழ 51 விழுக்காடு. பிடித்த இடங்களோ 168இல் 140. பாதி வாக்குக்கு ஆறில் ஐந்து பங்கு இடம்! தொகுதிக்கு ஒருவர் என்ற பழைய முறை தந்த பரிசு அது. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சி எட்டு இடங்களாகச் சுருங்கிப்போனது. பதினெட்டு இடங்களைப் பிடித்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அந்தப் பெரும்பான்மையை வைத்து 1978இல் ஜே.ஆர். புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதிப் பதவி வந்தது. இனிமேல் தேர்தல்கள் விகிதாசார முறையில், வாங்கிய வாக்குக்கு ஏற்ற இடம் என்று எழுதப்பட்டது. இந்த இடத்தில் அவர் தனக்குத் தானே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அடுத்த பொதுத் தேர்தலில் அதே 51 விழுக்காட்டை அப்படியே தக்கவைத்தாலும், கிடைக்கப்போவது பாதிக்குச் சற்று மேல்தான். அரசியலமைப்பை நினைத்தபோதெல்லாம் திருத்த உதவிய மூன்றில் இரண்டு பங்கு கையைவிட்டுப் போய்விடும்.

சர்வசன வாக்கெடுப்பும் அதே 1978 அரசியலமைப்பில்தான் வந்தது. இறைமை மக்களுக்கே உரியது என்கிறது மூன்றாவது உறுப்புரை. மக்களின் சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் வழியாகவும் சர்வசன வாக்கெடுப்பின் வழியாகவும் செயற்படும் என்கிறது நான்காவது. 83வது உறுப்புரை இன்னும் தெளிவானது. நாட்டின் ஒற்றையாட்சித் தன்மை, மக்கள் இறைமை போன்ற சில அடிப்படைகளில் கைவைக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் மட்டும் போதாது, மக்களும் ஒப்ப வேண்டும். ஜனாதிபதியின் அல்லது நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீட்டுவதற்கும் இதே நிபந்தனைதான்.

படித்தால் நல்ல பூட்டாகத்தான் தெரிகிறது. ஆட்சியாளர்கள் தங்கள் பதவிக்காலத்தைத் தாங்களே நீட்டிக்கொள்ளக் கூடாது என்ற அக்கறை அதில் உண்டு. அந்த அக்கறைக்குக் காரணமும் இருந்தது. 1970இல் ஐந்தாண்டுக்கு வந்த சிறிமாவோவின் அரசு, 1972இல் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றி, அதையே சாக்காக வைத்து 1977 வரை அமர்ந்திருந்தது. யாரையும் கேட்கவில்லை. அப்போது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஜே.ஆரும் ஒருவர். தன் நாடாளுமன்ற இடத்தையே துறப்பதாக அறிவித்தவர். ஏழு ஆண்டு கழித்து அவர் அதே வேலையைச் செய்தார். ஆனால் கேட்டுவிட்டுச் செய்தார். கேட்ட முறைதான் இந்த அத்தியாயத்தின் கதை.

முதல் காய் 1980 அக்டோபரிலேயே நகர்த்தப்பட்டுவிட்டது. அதிகார துஷ்பிரயோகம் என்ற குற்றச்சாட்டின் பேரில் சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. ஜே.ஆரை எதிர்த்து நிற்கக்கூடிய ஒரே பெரிய போட்டியாளர் களத்திலிருந்து அகற்றப்பட்டார். 1982 ஆகஸ்டில் மூன்றாவது திருத்தம் வந்தது: முதல் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டு முடித்த ஜனாதிபதி, விரும்பினால் முன்கூட்டியே மறுதேர்தலுக்குப் போகலாம். போனார். அக்டோபர் 20 அன்று நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் ஜே.ஆருக்கு 34,50,811 வாக்குகள், 52.91 விழுக்காடு. சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு 25,48,438. யாழ்ப்பாணத்திலிருந்து குமார் பொன்னம்பலமும், முன்பு ஆயுதக் கிளர்ச்சி நடத்திய ஜே.வி.பி.யின் ரோஹண விஜேவீரவும் நின்றார்கள். நல்ல வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் ஆறில் ஐந்து பங்கு இடத்தைத் தரும் வெற்றி அல்ல. ஜே.ஆருக்குக் கணக்கு நன்றாகவே தெரியும்.

நாட்டின் தேர்தல் வரைபடத்தைப் பத்தாண்டுக்குச் சுருட்டி வைக்கலாம் என்ற பொருளில் அவர் பேசியது பிற்பாடு மிகவும் பிரபலமாயிற்று. ஆஸ்டர்லிட்ஸ் போரில் முதலாம் நெப்போலியன் வென்ற செய்தி கேட்டு, ஐரோப்பிய வரைபடத்தைப் பத்தாண்டுக்குச் சுருட்டச் சொன்னதாக பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட்டின் பேரில் ஒரு கதை உண்டு. பிட் அதைத் தோல்வியின் துயரத்தில் சொன்னார். ஜே.ஆர். வெற்றியின் உற்சாகத்தில் சொன்னார்.

அக்டோபர் முடிவதற்குள் திட்டம் வெளியே வந்தது. பொதுத் தேர்தல் கிடையாது, சர்வசன வாக்கெடுப்பு. காரணமாக ஒரு சதிக்கதை சொல்லப்பட்டது. சுதந்திரக் கட்சிக்குள் ‘நக்சலைட்’ கூட்டம் ஒன்று புகுந்து கட்சியைக் கைப்பற்றிவிட்டது, கொப்பேகடுவ வென்றிருந்தால் கொலைகளும் சர்வாதிகாரமும் வந்திருக்கும், பொதுத் தேர்தல் வைத்தால் இவர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்துவிடுவார்கள் என்றது அரசு. இந்தச் சதிக்காக யாரும் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படவில்லை என்பதோடு அதை விட்டுவிடலாம். சதி இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், சதிகாரர்களைப் பிடித்து வழக்குப் போட வேண்டியதுதானே? தேர்தலை ஏன் பிடித்து வைக்க வேண்டும்?

நான்காவது திருத்த மசோதா அவசர மசோதாவாக உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. ஏழு நீதிபதிகள் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களும் மக்களும் ஒப்பினால் செல்லும் என்றார்கள் நால்வர். மூவர் அதற்கு உடன்படவில்லை. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் ஒரு நாட்டின் பொதுத் தேர்தல் போனது. நவம்பர் 4 அன்று நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. இதற்கிடையே ஆளுங்கட்சி உறுப்பினர்கள் எல்லோரிடமும் தேதி போடாத பதவி விலகல் கடிதங்கள் வாங்கி வைக்கப்பட்டன. ஆறாண்டு ஆயுளை நீட்டிக்கொள்ள வாக்களித்த அந்த உறுப்பினர்களின் ஆயுள், அன்றிலிருந்து ஜனாதிபதியின் மேசை இழுப்பறையில் இருந்தது. தேர்தலைச் சந்திக்காத உறுப்பினர் தொகுதிக்குப் பயப்பட வேண்டியதில்லை. தலைவருக்கு மட்டும் பயந்தால் போதும்.

அடுத்த ஏழு வாரங்கள் நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்தது. ஜனாதிபதித் தேர்தல் நாளன்று கொண்டுவந்த அவசரகால நிலையை வாக்கெடுப்பு முடியும்வரை எடுக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் ‘அத்த’ நாளிதழின் அச்சகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். சிங்களத் திரையின் உச்ச நட்சத்திரமும் சிறிமாவோவின் மருமகனுமான விஜய குமாரதுங்க, எதிரணியின் கூட்டங்களுக்கு ஆள் திரட்டக்கூடிய ஒரே முகம். நக்சலைட் சதியில் சேர்த்து நவம்பரில் அவரைக் கைது செய்தார்கள். வாக்கெடுப்பு முடியும்வரை வெளியே விடவில்லை.

கம்பஹாவில் நடந்தது இன்னும் விசித்திரம். ‘பவிடி ஹண்ட’ என்ற துறவியர் அமைப்பு, பௌத்த பிக்குகளும் கிறிஸ்தவ குருமாரும் சேர்ந்து நடத்தியது, வாக்கெடுப்பை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சடித்தது. காவல்துறை அவற்றைப் பறிமுதல் செய்தது. அமைப்பின் செயலாளர் தாரமிட்டிப்பொல இரத்தினசார தேரர் உச்ச நீதிமன்றம் போனார். அவருடைய கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று 1983 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த சில வாரங்களில் அரசு அந்தப் பறிமுதலுக்குப் பொறுப்பான காவல் அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது! நீதிமன்றத்துக்கு இதைவிட வெளிப்படையாகப் பதில் சொல்ல முடியாது.

வாக்களிப்பு நாளில் நடந்தவற்றைச் சொல்ல எதிர்க்கட்சிக்காரர்களின் வாய் தேவையில்லை. தேர்தல் ஆணையாளர் சந்திரானந்த டி சில்வாவின் அறிக்கையே இருக்கிறது. குடத்தின் பக்கம் நின்ற முகவர்கள் வாக்குச் சாவடிகளிலிருந்து மிரட்டி விரட்டப்பட்டது, ஆள்மாறாட்டம், சாவடிகளில் அடாவடி என்று முறைகேடுகளை அது பதிவு செய்தது. அரசு ஊழியர் ஒருவர் அரசாங்கம் நடத்திய வாக்கெடுப்பைப் பற்றி இப்படி எழுதியது துணிச்சல்தான். அந்த அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்த ஆண்டு 1987. ஐந்து ஆண்டுகள் கழித்து யார் எதைத் திருத்துவது?

இனி எண்களுக்கு வருவோம். பதிவு செய்த வாக்காளர்கள் 81 லட்சத்துக்கும் மேல். விளக்குக்கு 31,41,223. குடத்துக்கு 26,05,983. விழுக்காட்டில் 54.66க்கு 45.34. இரண்டு மாதத்துக்கு முன் 52.91ஆக இருந்த ஆதரவு 54.66ஆக உயர்ந்துவிட்டதே என்று அரசு மகிழ்ந்தது. வாக்குகளை எண்ணிப் பார்த்தால் வேறு கதை. அக்டோபரில் ஜே.ஆருக்கு விழுந்ததைவிட டிசம்பரில் விளக்குக்கு விழுந்தது மூன்று லட்சத்துக்கும் மேல் குறைவு. குடத்துக்கு விழுந்ததோ கொப்பேகடுவ வாங்கியதைவிட 57,545 கூடுதல். வாக்குச் சாவடிக்கு வந்தவர்களின் எண்ணிக்கையே எட்டு லட்சத்துக்கு மேல் குறைந்தது. 81 விழுக்காடு வாக்களித்த நாட்டில் 71 விழுக்காட்டினர்தான் வந்தார்கள். மொத்த வாக்காளர்களில் விளக்கை விரும்பியவர்கள் நூற்றுக்கு முப்பத்தொன்பது பேர். அந்த முப்பத்தொன்பதில் மிரட்டலுக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் எத்தனை கழிப்பது என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்த ஆறில் ஐந்து பங்கு மட்டும் அடுத்த பொதுத் தேர்தல் வரை ஏறத்தாழ அப்படியே பத்திரமாக இருந்தது.

யாழ்ப்பாண மாவட்டம் தனியாகத் தெரிந்தது. அங்கே பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் புள்ளடி போட்டார்கள். நாட்டின் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு ஒருமித்துப் பேசவில்லை.

வாக்கெடுப்பு என்பது ஈழத் தமிழருக்குப் புதிய எண்ணம் அல்ல. 1972 அரசியலமைப்பைத் தமிழர்கள் ஏற்கிறார்களா என்று அரசு கேட்கவில்லை. ஆகவே தமிழர் தலைவர் ‘தந்தை செல்வா’ செல்வநாயகம் தானே கேட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் காங்கேசன்துறை இடத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் தன்னை எதிர்த்து நின்று வெல்லுமாறு அரசுக்குச் சவால் விட்டார். தன் தொகுதியையே வாக்கெடுப்புக் களமாக்கினார். அரசு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தேர்தலையே நடத்தவில்லை. 1975 பிப்ரவரி 6 அன்று ஒருவழியாக நடந்தபோது, கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை 16,470 வாக்கு வித்தியாசத்தில் வென்றார் செல்வநாயகம். கொழும்பு அதை ஒரு சாதாரண இடைத்தேர்தல் முடிவாகவே எடுத்துக்கொண்டது. 1977இல் தனிநாட்டுக்கு ஆணை கேட்டு நின்றது விடுதலைக் கூட்டணி. பதினெட்டு இடங்கள் வந்தன. அதையும் ஒரு மக்கள் தீர்ப்பாக யாரும் ஏற்கவில்லை. தமிழர்கள் தாங்களாகவே நடத்திய வாக்கெடுப்புகளுக்குப் பதில் வரவில்லை. அரசு நடத்திய ஒரே வாக்கெடுப்பில் அவர்கள் சொன்ன பதில் எண்ணிக்கையில் கரைந்துபோனது.

அடுத்த ஆண்டு நடந்தவை தெரிந்ததே என்றாலும் வரிசையைக் கவனிக்க வேண்டும். விளக்கு தோற்ற பதினெட்டுத் தொகுதிகளில் இருந்த தன் கட்சி உறுப்பினர்களின் கடிதங்களுக்கு ஜே.ஆர். தேதி போட்டார். 1983 மே 18 அன்று இடைத்தேர்தல். பதினான்கில் அவர் கட்சி வென்றது. ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் கொழும்பும் மலையகமும் எரிந்தன. அந்தப் படுகொலையை இங்கே சில வரிகளில் அடக்க நான் விரும்பவில்லை. ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் மறுத்து, இடங்களை இழந்தார்கள். பழைய நாடாளுமன்றம் நீடிக்கக் கூடாது என்று நாட்டிலேயே பலமாகச் சொன்ன யாழ்ப்பாணம், நீடித்த அந்த நாடாளுமன்றத்தில் பேச ஆளில்லாமல் இருந்தது. பொதுத் தேர்தல் நடந்திருந்தால் ஜூலை நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் கோபம் போவதற்கு ஒரு வாக்குச் சாவடிகூட இல்லாமல் போனது. தமிழ் இளைஞர்களுக்கு மட்டும் அல்ல, தெற்கில் தடை செய்யப்பட்ட ஜே.வி.பி.க்கும் அதே நிலைதான். 1987இல் அவர்கள் மீண்டும் ஆயுதம் எடுத்தார்கள்.

இதே ஜே.ஆர். இன்னொரு வாக்கெடுப்புக்கும் கையெழுத்துப் போட்டார். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியுடன் செய்த ஒப்பந்தத்தில், வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாகும் என்றும், அந்த இணைப்பு தொடர வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் 1988 டிசம்பர் 31க்குள் சர்வசன வாக்கெடுப்பு நடக்கும் என்றும் இருந்தது. தள்ளிப்போடும் அதிகாரம் ஜனாதிபதிக்கு உண்டு. தள்ளினார்கள். ஜே.ஆருக்குப் பின் வந்தவர்களும் தள்ளினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் கலந்து வாழும் கிழக்கில் விடை என்னவாகும் என்று எந்தத் தரப்புக்கும் உறுதியில்லை. போர் வேறு நடந்துகொண்டிருந்தது. 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. 2007 பிறந்ததும் மாகாணங்கள் பிரிந்தன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திருகோணமலையிலும் வாழ்பவர்களிடம் கேட்பதாக இரண்டு அரசுகள் எழுதிக் கையெழுத்திட்ட கேள்வி, கடைசிவரை கேட்கப்படவே இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இதுதான். விடை தனக்குச் சாதகமாக வரும் என்று தெரிந்த கேள்வியை ஏழே வாரத்தில் கேட்டுவிட்டார்கள். விடை தெரியாத கேள்வியைப் பதினெட்டு ஆண்டுகள் கேட்காமலே விட்டார்கள். எப்போது கேட்பது, எதைக் கேட்பது, கேட்காமலே விடுவதா என்பதெல்லாம் ஆட்சியில் இருப்பவர் கையில் மட்டுமே இருந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையெழுத்துத் திரட்டிக் குடிமக்களே வாக்கெடுப்புக் கோரும் சுவிட்சர்லாந்து உரிமை இலங்கை அரசியலமைப்பில் எந்த இடத்திலும் இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1982க்குப் பிறகு 83வது உறுப்புரை வேறொரு வேலையைச் செய்யத் தொடங்கியது. சர்வசன வாக்கெடுப்பு தேவை என்று உச்ச நீதிமன்றம் சொல்லும் பிரிவுகளை அரசுகள் தாமாகவே கைவிட்டன. 2015இல் 19வது திருத்தத்தின்போது அப்படிச் சில பிரிவுகள் போயின. 2020இல் 20வது திருத்தத்திலும் இதே கதை. மக்களிடம் போகப் பயந்து அரசுகள் பின்வாங்கியது நாட்டுக்கு ஓரளவு நல்லதாகவே முடிந்தது. எழுதியவர் எண்ணாத பயன் இது.

பயம் மறுபக்கத்திலும் உண்டு. 2024 ஜூலையில், 83வது உறுப்புரையில் உள்ள ‘ஆறு ஆண்டு’ என்பதை ‘ஐந்து ஆண்டு’ என்று மாற்ற ஒரு மசோதா அரசிதழில் வெளியானது. பார்வைக்கு வெறும் எழுத்துத் திருத்தம். ஆனால் அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும். ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு மாதமே இருந்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ரணில் விக்கிரமசிங்க, ஜே.ஆரின் உறவினர், 1982இல் அவருடைய அமைச்சரவையில் இருந்தவர். தேர்தலைத் தள்ளிப்போடப் பார்க்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் உடனே எழுந்தன. நாற்பத்திரண்டு ஆண்டு கழித்தும் அந்த விளக்கை யாரும் மறந்திருக்கவில்லை. செப்டம்பர் 21 அன்று தேர்தல் ஒழுங்காக நடந்தது, ரணில் தோற்றார்.

1982 டிசம்பர் 22க்குப் பிறகு இலங்கையில் சர்வசன வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அடுத்த வாரம் கோவாவுக்குப் போவோம். மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, தனியே இருப்பதா என்று 1967 ஜனவரியில் அந்த மக்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்ன விடையை டெல்லி ஏற்றுக்கொண்டது.